அப்பாவின் இறப்புச் சான்றிதழில் நான் விட்ட பிழை

அப்பா இறந்தது 2018 பெப்ரவரியில், சின்சினாட்டியில் ஒரு மருத்துவமனையில். எங்கள் வீடு அங்கிருந்து கிட்டத்தட்ட ஒரு மணி நேரத் தொலைவில், ஒகையோ மாநிலத்தின் டேட்டன் நகரத்தில். அடுத்த நாள் காலை இறுதிச்சடங்கு நிலையத்தில் ஒருவர் கணினிக்கு முன்னால் இருந்து, மிகவும் மென்மையான குரலில் கேள்விகள் கேட்டார். அம்மாவால் பேச முடியவில்லை. தம்பி இன்னும் வந்து சேரவில்லை. பதில் சொல்ல நான்தான் இருந்தேன்.

முழுப் பெயர்? சொன்னேன். பிறந்த திகதி? பிறந்த ஊர்? படிப்பு? தொழில்? எல்லாம் சொன்னேன். இனம் என்று வந்தபோது ஆசிய இந்தியர், சீனர், பிலிப்பினோ என்று பெட்டிகள் வரிசையாக இருந்தன. இலங்கைக்குப் பெட்டி இல்லை. 'வேறு ஆசியர்' என்பதைத் தெரிவுசெய்து, பக்கத்தில் 'இலங்கைத் தமிழர்' என்று எழுதச் சொன்னேன். அந்த நேரத்திலும் எனக்கு அதில் ஒரு சின்னப் பெருமை.

அடுத்த கேள்வி: "அப்பாவின் தாயாருடைய பெயர் என்ன? முதல் திருமணத்துக்கு முன் இருந்த பெயர்."

எனக்கு அவர் அப்பம்மா. யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் வரும் ஒரு குரல். நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது காலமானார். அப்பாவின் ஊர்க்காரர் வீட்டுக்கு வந்தால் "கிளியக்காவின்ர மகன்" என்று அப்பாவைப் பற்றிப் பேசுவார்கள். அதனால் "கிளி" என்றேன். குடும்பப் பெயர் கேட்டார். அப்பப்பாவின் பெயரைச் சொன்னேன். இரண்டையும் எழுத்துக்கூட்டிக் கேட்டுத் தட்டினார். அது அரசாங்கப் பதிவாகிவிட்டது.

சில நாட்களில் ரொறன்ரோவிலிருந்து மாமி, தான் எழுதிய மரண அறிவித்தலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 'காலஞ்சென்றவர்களான' என்று தொடங்கும் வரியில் அப்பப்பாவின் பெயர், அதற்குப் பக்கத்தில் நான் ஒருநாளும் கேட்டிராத ஒரு நீண்ட, அழகான பெயர். "மாமி, இது ஆர்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "அது அம்மாவடா. உன்ர அப்பம்மா" என்றார்.

கிளி என்பது வீட்டுப் பெயர். பதிவில் இருந்தது வேறு பெயர்.

நான் கணினித் துறையில் ஆலோசகராக வேலை செய்கிறேன். பிழையான தரவை உள்ளே போட்டால் பிழையான விடைதான் வெளியே வரும் என்று மற்றவர்களுக்குச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன். அப்படிப்பட்ட நானே சொந்தத் தகப்பனின் கடைசிப் பதிவில் அதைச் செய்திருந்தேன். இந்தப் பதிவுகள் எப்படி உருவாகின்றன, எங்கே இருக்கின்றன, எவ்வளவு நம்பலாம் என்று படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஒரு தாள், இரண்டு சாட்சிகள்

அமெரிக்க இறப்புச் சான்றிதழ் ஒரு தாள்தான். ஆனால் அதில் இரண்டு பேர் பேசுகிறார்கள். ஒருவர் மருத்துவர் அல்லது மரண விசாரணை அதிகாரி. எப்போது இறந்தார், என்ன காரணம் என்று எழுதுவது அவர். மற்றவர் 'தகவல் தந்தவர்'. பெரும்பாலும் கணவன், மனைவி, பிள்ளை. பிறந்த திகதி, பிறந்த இடம், தாய் தகப்பன் பெயர், படிப்பு, தொழில் எல்லாம் அவர் வாயிலிருந்து வருபவை. தகவல் தந்தவரின் பெயரும், இறந்தவருக்கு அவர் என்ன உறவு என்பதும் சான்றிதழிலேயே இருக்கும்.

குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டிய பெட்டி அதுதான். இறந்த திகதியும் இடமும் அந்த நேரத்தில், அருகில் இருந்தவர்களால் எழுதப்பட்டவை. அவற்றைப் பெருமளவு நம்பலாம். ஆனால் 80 வருடங்களுக்கு முன் நடந்த ஒரு பிறப்பைப் பற்றி, அப்போது பிறந்தே இருக்காத ஒரு மகன், நித்திரை இல்லாத ஒரு காலையில் சொன்னது வெறும் கேள்விப்பட்ட செய்திதான். அரசாங்க முத்திரை இருப்பதால் அது உண்மையாகிவிடாது.

எந்த அலுவலகம்? முதலில் ஆண்டைப் பாருங்கள்

அமெரிக்காவில் எல்லோருடைய இறப்பையும் பதிந்து வைத்திருக்கும் ஒரே மத்திய அலுவலகம் இல்லை. பிறப்பு, இறப்புப் பதிவு மாநிலங்களின் வேலை. பல மாநிலங்களில் அது தொடங்கியது இன்னும் கீழே, கவுண்டியில். கவுண்டி என்றால் நம்முடைய மாவட்டம் போன்ற ஒரு பிரிவு. நீதிமன்றம், காணி உறுதிகள், உயில்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

ஒகையோவில் 1867ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு கவுண்டியிலும் உயில் வழக்குகளைப் பார்க்கும் நீதிமன்றம் பிறப்பையும் இறப்பையும் பதிய வேண்டும் என்றது. இலங்கையிலும் ஆங்கிலேயர் ஆட்சியில் குடிசார் பதிவு தொடங்கியது அதே 1867இல்தான். ஒகையோவின் அந்தப் பழைய பதிவு இன்றைய சான்றிதழ் போன்றதல்ல. பெரிய பேரேட்டில் ஒருவருக்கு ஒரு வரி: பெயர், இறந்த திகதி, வயது, இடம், காரணம். பல இறப்புகள் அதில் ஏறவே இல்லை. 1908 டிசம்பர் 20 முதல் மாநிலம் முழுவதற்கும் ஒரே முறையில், ஒருவருக்கு ஒரு தாள் என்று சான்றிதழ்கள் வரத் தொடங்கின.

ஆகவே ஒகையோவில் தேடினால் அந்தத் திகதிதான் எல்லைக்கோடு. அதற்கு முன் இறந்தவர் கவுண்டிப் பேரேட்டில் இருக்கலாம். பின் இறந்தவருக்கு மாநிலச் சான்றிதழ் இருக்கவேண்டும். 1908 முதல் 1953 வரையான ஒகையோ இறப்புச் சான்றிதழ்களின் படங்கள் ஃபேமிலிசேர்ச் தளத்தில் உள்ளன. கணக்கு ஒன்று திறந்தால் போதும், காசு இல்லை. அண்மைக்கால இறப்புகளுக்கு உள்ளூர்ச் சுகாதாரத் திணைக்களத்தில் கட்டணம் கட்டினால் நகல் தருவார்கள். ஒகையோவில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். நியூயோர்க் மாநிலத்தில் குடும்ப வரலாற்றுக்கென்று கேட்டால் பொதுவாக 50 வருடங்கள் கடந்திருக்க வேண்டும்.

நாடு முழுவதும் இந்த ஒழுங்கு வர நீண்ட காலம் பிடித்தது. இறப்புகளை ஒழுங்காகப் பதியும் மாநிலங்களை மத்திய அரசு 'இறப்புப் பதிவுப் பகுதி' என்று பட்டியலிட்டது. 1880இல் அதில் இருந்த மாநிலங்கள் இரண்டே இரண்டு: மசாச்சூசெட்ஸ், நியூ ஜேர்சி. தலைநகரம் வோஷிங்டனும் சேர்ந்திருந்தது. கடைசியாக டெக்சாஸ் 1933இல் சேர்ந்தது. வேறு நாடுகளில் இருப்பவர்களும் முதலில் இந்தத் தொடக்க ஆண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது 1837, ஒன்ராறியோவில் 1869.

இன்னொரு விதி: பதிவு பொதுவாக இறந்த இடத்தில்தான் இருக்கும், வாழ்ந்த இடத்தில் அல்ல. அப்பா முப்பது வருடம் வாழ்ந்தது மொன்ற்கொமெரி கவுண்டியில். இறந்த இடமோ ஹமில்டன் கவுண்டி. ஒருநாள் என் பேரப்பிள்ளை டேட்டனில் மட்டும் தேடினால், அவர் அங்கே இறக்கவே இல்லை என்றுதான் தோன்றும்.

அதே ஹமில்டன் கவுண்டியின் நீதிமன்றக் கட்டடம் 1884 மார்ச்சில் சின்சினாட்டியில் நடந்த கலவரத்தில் எரிக்கப்பட்டது. ஏராளமான கவுண்டி ஆவணங்கள் அதோடு போயின. 1871இல் சிக்காகோ பெருந்தீயில் குக் கவுண்டியின் ஆவணங்கள் போயின. எரிந்துபோன ஆவணம் என்றால் என்ன என்று 1981இல் நூலகத்தைப் பறிகொடுத்த யாழ்ப்பாணத்தார் பிள்ளைகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால், ஆள் இருக்கவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். அந்தப் பேரேடு தப்பியதா என்று முதலில் பாருங்கள்.

டேட்டனின் இரண்டு மரணங்கள்

எங்கள் ஊரிலிருந்தே ஓர் உதாரணம். விமானம் செய்த ரைட் சகோதரர்களில் இளையவரான ஓர்வில் ரைட்டும், கறுப்பினக் கவிஞர் போல் லோரன்ஸ் டன்பாரும் டேட்டனில் ஒரே உயர்தரப் பாடசாலையில் ஒன்றாகப் படித்தவர்கள். 1890இல் டன்பார் நடத்திய ஒரு சிறு பத்திரிகை அச்சானது ரைட் சகோதரர்களின் அச்சகத்தில்தான்.

டன்பார் காசநோயால் 1906 பெப்ரவரி 9இல், 33 வயதில் இறந்தார். 1908க்கு முந்தியது என்பதால் அவரைத் தேடவேண்டிய இடம் கவுண்டிப் பேரேடு. ஓர்வில்லின் அண்ணன் வில்பர் ரைட் 1912 மே 30இல், 45 வயதில், நெருப்புக் காய்ச்சலால் தன் வீட்டிலேயே இறந்தார். அவருக்குத் தேடவேண்டியது மாநிலச் சான்றிதழ். ஒரே ஊர், ஆறு வருட வித்தியாசம், வேறு வேறு பதிவு. இருவரும் இன்று உட்லண்ட் மயானத்தில் இருக்கிறார்கள்.

வில்பர் பிறந்தது 1867இல் இந்தியானா மாநிலத்தில். அங்கே கவுண்டிகள் பிறப்பைப் பதியத் தொடங்கியது 1882இல். அப்படியானால் வில்பரின் பிறந்த திகதியை எந்த இறப்புப் பதிவில் பார்த்தாலும், அது குடும்பம் நினைவில் வைத்திருந்து சொன்னது. உலகப் புகழ்பெற்றவருக்கும் இதே கதைதான்.

என்னை நிறுத்திவைத்தது டன்பாரின் தாயார் மட்டில்டாவின் கதை. அவர் கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். மகன் இறந்து 28 வருடங்களுக்குப் பிறகு, 1934இல் காலமானார். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளைத் தனி அட்டவணையில் எண்ணினார்கள். வயதும் பாலும் எழுதினார்கள், பொதுவாகப் பெயர் எழுதவில்லை. விடுதலை பெற்றவர்களைப் பெயரோடு எழுதிய முதல் தேசியக் கணக்கெடுப்பு 1870இல். அந்தத் தலைமுறையில் பலருடைய இறப்புச் சான்றிதழ்களில் தாய், தகப்பன் பெட்டிகளில் 'தெரியாது' என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. சிறு வயதிலேயே பெற்றோரிடமிருந்து பிரித்து விற்கப்பட்டவர்களின் பிள்ளைகள் வேறு எதை எழுதச் சொல்லியிருக்க முடியும்?

அவர்களிடமிருந்து அந்தப் பெயர்கள் பறிக்கப்பட்டன. என் அப்பம்மாவின் பெயரை யாரும் பறிக்கவில்லை. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பத்திரிகையில் தேடும்போது

சான்றிதழ் பெற்றோரைச் சொல்லும். ஆனால் சகோதரர், மருமக்கள், பேரப்பிள்ளைகளைச் சொல்லாது. அதற்குத்தான் பத்திரிகை மரணச் செய்தி. குடும்பம் காசு கட்டிப் போடும் சிறு அறிவித்தல் ஒன்று. பத்திரிகை தானே எழுதும் வாழ்க்கைக் குறிப்பு இன்னொன்று. இரண்டையும் தேடுங்கள். இறந்த நாளிலிருந்து ஒரு வாரப் பத்திரிகைகளைப் பார்த்தால் பெரும்பாலும் அகப்படும். பழைய பத்திரிகைகள் பலவற்றை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 'குரோனிக்ளிங் அமெரிக்கா' என்ற பெயரில் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. பல ஊர் நூலகங்கள் மரணச் செய்திகளுக்கென்றே அட்டவணை வைத்திருக்கின்றன. நூலகரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

பெண்களைத் தேடும்போது கவனம். பழைய பத்திரிகைகளில் பல பெண்கள் கணவன் பெயருக்கு முன்னால் 'திருமதி' போட்டே குறிப்பிடப்பட்டார்கள். அவர்களுடைய சொந்தப் பெயர் அந்தச் செய்தியில் எங்குமே இருக்காது.

நம்முடைய பெயர்களுக்கு வேறு தொல்லை. முதல் பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு பெட்டிக்குள் நம் பெயர்கள் அடங்காது. என் அப்பா வங்கியில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் தலைகீழாக இன்னொரு பெயர். ஆகவே பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். இறந்த திகதி, ஊர், துணைவரின் பெயர் என்று வேறு வழிகளாலும் தேடுங்கள். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராகவும், குடும்பப் பெயரை முதல் பெயராகவும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

எங்கள் வீட்டுப் பொக்கிஷம்

இவ்வளவும் படித்த பிறகுதான், சிறுவயதில் நான் சிரித்த ஒரு விடயத்தின் பெறுமதி புரிந்தது. நம் மரண அறிவித்தல்கள். 'பிறப்பிடமாகவும்', 'வதிவிடமாகவும்' என்று இழுத்து இழுத்து, மாமன், மைத்துனர், சம்பந்தி வரை ஒருவரையும் விடாத அந்த நீண்ட வாக்கியம். யார் இறந்துவிட்டார்கள், யார் இருக்கிறார்கள், யார் எந்த நாட்டில் என்பது எல்லாம் அதில் இருக்கும். நான் பார்த்த எந்த அமெரிக்க மரணச் செய்தியும் அவ்வளவு சொல்லவில்லை.

அதைவிடப் பெரியது கல்வெட்டு. 31ஆம் நாள் வீட்டில் கொடுக்கும் அந்தச் சிறு புத்தகம். தேவாரத்துக்குப் பிறகு வரும் பக்கங்களைப் புரட்டுங்கள். பலவற்றில் வம்ச வரலாறு இருக்கும். திதி வெண்பாவில் இறந்த வருடம், மாதம், பட்சம், திதி இருக்கும். பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் திகதியைச் சரிபார்க்கலாம். எத்தனை வீடுகளில் இந்தப் புத்தகங்கள் சாமி அறையில் தூசி படிந்து கிடக்கின்றன! எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க முடிந்தாலும் வாசியுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

இவற்றிலும் பிழை வரும். மாமி அப்பாவுக்கு ஒரு பட்டத்தைக் கூட்டிப் போட்டிருந்தார். அதனால் ஒன்றை மட்டும் நம்பாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவை முரண்பட்டால், யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள்.

திருத்தம்

பிழையைத் திருத்தலாம். மருத்துவப் பகுதியை மருத்துவர்தான் மாற்ற முடியும். மற்றப் பகுதிக்குச் சத்தியக் கடதாசியும் ஆதாரமும் கொடுக்கவேண்டும். ஆதாரம் தேடி நிலக்கீழ் அறையில் அப்பாவின் குடிவரவுக் கோப்பைத் திறந்தேன். அதில் முதல் தாளே அப்பாவின் பிறப்புச் சான்றிதழ். அதில் அப்பம்மாவின் முழுப் பெயர். நாங்கள் மேசைப்பந்து விளையாடிய இடத்துக்குப் பக்கத்து அலுமாரியில் அது அவ்வளவு காலமும் இருந்திருக்கிறது.

இப்போது அப்பாவின் சான்றிதழில் சரியான பெயர் இருக்கிறது. ஆனால் 'கிளி' அதில் இல்லை. அதனால் இரண்டையும் சேர்த்து எங்கள் குடும்பக் கோப்பில் எழுதிவைத்தேன். பதிவில் இந்தப் பெயர், ஊருக்குக் கிளியக்கா.

1965ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்துக்குப் பிறகுதான் நம்மவர்கள் இங்கே எண்ணிக்கையாக வரத் தொடங்கினார்கள். எங்கள் பெயர்கள் இந்த நாட்டு இறப்புப் பதிவுகளில் ஏறுவது இப்போதுதான். அந்தப் பெட்டிகளை நிரப்பப்போகிறவர்கள் நீங்களும் நானும். நூறு வருடம் கழித்து ஒருவர் தேடும்போது, நாங்கள் அன்று காலை சொன்னதுதான் அவருக்குக் கிடைக்கும்.

சென்ற மாதம் அம்மாவோடு சமையலறை மேசையில் இருந்து அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். "நான் இன்னும் சாகேல்லையடா" என்று சிரித்தார். பிறகு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து இருந்தார். தாயின் பெயர், தாயின் தகப்பன் பெயர், பிறந்த ஊர், வீட்டுப் பெயர்கள். சகோதரர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்து நான்கு பேர்.

"ஐந்து" என்றார் அம்மா. அம்மா பிறக்க முன்னரே, ஒன்றரை வயதில் காய்ச்சலில் போன ஓர் அண்ணன். பெயரைச் சொன்னார். நான் அதைச் சரியாக எழுதியிருக்கிறேனா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார்.